கப்பற்பொறியா, கல இலச்சினையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் சொற்பட்டியலுக்காக, போர்க்கப்பல்களில் பொருத்தும் வட்ட வடிவ அடையாளத்துக்குக் (ship's badge) 'கப்பற்பொறி' என்று ஐயா முன்மொழிந்திருந்தார். காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டங்களில் சோழர் புலி பொறித்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. அந்த மரபிலிருந்து சொல் எடுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இன்றைக்குக் கப்பற்பொறி என்றால் பிள்ளைகள் கப்பலின் இயந்திரத்தைத்தான் நினைப்பார்கள். 'சின்னம்' இன்னும் சிக்கல்: எங்கள் மலையகத்தில் அது சேவல், யானை என்று வாக்குச்சீட்டுக்குப் போய்விடும். பாடசாலைக்கும் நாட்டுக்கும் இலச்சினை என்கிறோமே, அதுவே போதும்.

சரி, இலச்சினைக்கு முன்னால் எந்தச் சொல்? 'கப்பல்' போதாது என்பதற்குத் தியத்தலாவையே சாட்சி. 4000 அடிக்கு மேலே, கடலே தெரியாத இடத்தில், 1950களில் இலங்கைக் கடற்படையின் பயிற்சித்தளம் இருந்தது. பிரித்தானிய மரபுப்படி அந்தத் தளத்துக்கும், கப்பல் பெயர்களுக்கு முன்னால் வரும் அடைமொழியோடு 'ரங்கல்ல' என்று பெயர். அம்மரபில் தரைத்தளங்களுக்கும் இலச்சினை உண்டு. அவற்றைத் 'தரைக்கலம்' என்றும், கப்பல், தளம் இரண்டின் அடையாளத்துக்கும் பொதுவாகக் 'கல இலச்சினை' என்றும் சொல்லலாம். விண்கலம் என்று பழகியவர்களுக்குத் தரைக்கலம் உறுத்தாது.

'வட்ட' என்ற சொல்லை வரைவிலக்கணத்தில் சேர்க்க வேண்டாம். பிரித்தானியக் கடற்படையில், அணியத்தில் (கப்பலின் முன்முனையில்) மரச்சிற்பம் வைக்கும் வழக்கம் மறைந்தபின், கப்பல்கள் தாமாகவே அடையாளங்கள் செய்துகொண்டன. லண்டன் டவர் ஆயுதசாலையின் காப்பாளர் சார்ள்ஸ் ஃபோக்ஸ் இதை ஒழுங்குபடுத்த முனைந்தார். 1918இல் அதற்கென ஒரு குழு அமைந்தது. அப்போது வடிவமே கப்பலின் வகையைச் சொன்னது: பெரும் போர்க்கப்பலுக்கு வட்டம், குரூஸருக்கு ஐங்கோணம், நாசகாரிக்குக் கேடயம், மற்றவற்றுக்குச் சாய்சதுரம். எல்லாம் வட்டமானது பிற்பாடுதான். எனக்கென்னவோ பழைய முறைதான் அழகு.

அப்புறம் உறுப்புகள். சுற்றியிருக்கும் பொன்னிறக் கயிற்றுக்கு 'வடவளையம்' சரியாக வரும். கீழே எழுதும் வரியை இங்கே பாடசாலைகளில் சொல்வதுபோல மகுட வாசகம் என்றே விடலாம். மேலே உள்ள முடியில் கப்பலின் பின்புறமும் பாயும் மாறி மாறி வரும். எதிரிக் கப்பலில் முதலில் பாய்ந்தேறிய வீரனுக்கு ரோமர் சூட்டிய பொன்முடியின் வழிவந்தது அது. சங்கப் பாட்டில் பெருங்கப்பலுக்கு நாவாய் என்று பெயர் இருக்கும்போது, இதை 'நாவாய்முடி' என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

ஐயாவின் கருத்தைப் பார்த்துவிட்டுச் சொற்பட்டியலில் சேர்க்கிறேன்.

அன்புடன்,
பண்டாரவளையிலிருந்து