பச்சைப் பிள்ளையைப் பார்க்க வரும் நர்ஸான ஹெல்த் விசிட்டர் வீட்டுக்கு வந்த நாள்: உங்களுக்கு என்ன நடந்தது?

வட லண்டன் அம்மம்மா:
1964 மார்ச். மூத்தவள் பிறந்து பதினைந்தாம் நாள். கீழே வீட்டுக்காரி, மேலே ஒற்றை அறையில் நாங்கள். கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் கடும்நீலக் கோட்டும் தொப்பியுமாக ஒரு மிட்வைஃப், பிரசவம் பார்க்கிறவள். நான் கூப்பிடவே இல்லை. இவரும் வேலைக்குப் போய்விட்டார். வந்தவள் பிள்ளையின் சட்டையைத் தூக்கினாள். தொப்புளைச் சுற்றிக் கறுப்பு வட்டம். வேறென்ன, பேர் சொல்லாததுதான். சுட்டு விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசியிருந்தேன். விரலால் தொட்டு மணந்து பார்த்து, "அடுப்புக்கரியா?" என்றாள். வசம்புக்கு இங்கிலீஷில் என்ன சொல்வது? "மருந்து" என்றேன். ஒன்றும் பேசாமல் ஓர் அட்டையை எடுத்து நாலு வரி எழுதினாள். என்ன எழுதினாள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். வீட்டுக்காரிதான் போட்டுக்கொடுத்தாள் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஈப்போ நர்ஸ்:
அம்மா, வந்தவர் மிட்வைஃப் இல்லை, ஹெல்த் விசிட்டர். மிட்வைஃப் ஆரம்ப நாட்களோடு நின்றுவிடுவார், அப்புறம்தான் இவர் வருவார். யாரும் போட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அப்போதெல்லாம் பிள்ளை பிறந்தால் 36 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிச் சுகாதார அதிகாரியான மெடிக்கல் ஆபீசருக்குத் தகவல் போயாக வேண்டும். 1915 முதல் நாடு முழுக்க அப்படித்தான் சட்டம் இருந்தது. அந்தத் தகவலை வைத்துத்தான் வீடு வீடாக வருவார்கள். அட்டையில் எடை, பால், தடுப்பூசி, இதுமாதிரிதான் இருக்கும்.

நான் 1967இல் பர்மிங்ஹாமில் மிட்வைஃப் படிப்பின் இரண்டாம் பாகம் படித்தேன். சைக்கிளில்தான் சுற்றுவோம். ஒரு வீட்டில் தலை தெரிகிற நேரம் பார்த்து விளக்கு அணைந்துவிட்டது. காசு போட்டால்தான் கரண்ட் வரும் மீட்டர், அதில் போட்ட ஷில்லிங் தீர்ந்துபோச்சு. அப்பாக்காரர் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். இருட்டில் தலையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு "மெதுவாம்மா, மெதுவா" என்கிறேன், தமிழில்! அந்த ஐரிஷ் பொம்பளை முக்குவதை நிறுத்தி, வாயால் மூச்சுவிட ஆரம்பித்தாள். விளக்கு வந்தபோது தோள் வெளியே வந்திருந்தது.

லெஸ்டர் மருமகள்:
சட்டம் சரி நர்ஸம்மா. ஆனால் சட்டப்படி வந்தவர்கள் எல்லாம் சிரித்த முகத்தோடு வரவில்லை. 1966இல் எங்கள் வீட்டுக்கு வந்தவர் நேரே அலமாரியைத் திறந்தார். வைட்டமினுக்காகப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய மீன் எண்ணெய்ப் போத்தல் மூடி திறக்காமல் இருந்தது, நாங்கள் சைவம். ஆரஞ்சுச் சாறு மட்டும் காலி. ஒரு முறை முறைத்தார் பாருங்கள்!

அதற்காக அவர் முறைத்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் கிளாஸ்கோவில் நம் ஆசியப் பிள்ளைகளுக்கு வைட்டமின் டி குறைந்து, ரிக்கெட்ஸ் என்ற எலும்பு நோய் வந்து கால் வளைந்தது. இப்போது பேரப்பிள்ளை வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே தினமும் 8.5 முதல் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி சொட்டு கொடுக்கச் சொல்கிறார்கள். பவுடர் பால் அரை லிட்டருக்கு மேல் குடித்தால் வேண்டாம், அதிலேயே இருக்கிறது. வெயிலில் காட்டினால் போதும் என்று மாமியார் சொன்னால் கேட்காதீர்கள். இங்கே எங்கே வெயில்? அப்புறம் அம்மம்மா, லண்டன் மெடிக்கல் ஆபீசர்களின் பழைய ஆண்டறிக்கைகளை வெல்கம் நூலகம் இணையத்தில் போட்டிருக்கிறது. எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்ற கணக்கெல்லாம் அதில் கிடைக்கும். உங்கள் அட்டை கிடைக்காது.

வட லண்டன் அம்மம்மா:
அட்டை கிடக்கட்டும். 36 மணி நேரம் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? அந்த நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, வீட்டுக்காரி ஒரு கேக் கொண்டுவந்து கதவடியில் வைத்தாள். தட்டோடு திருப்பிக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.