பிரிட்டனில் கர்ப்பிணிகள் வேலை நேரத்தை மாற்றிக் கேட்கும்போது

வேலையில் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகின்றன, இதற்குள் நேரத்தை மாற்றிக் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று தயங்குகிறவர்கள் நம்மில் அதிகம். என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். 2024 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஊழியருக்கு அப்படிக் கேட்கும் உரிமை உண்டு. (வட அயர்லாந்துக்குச் சட்டம் வேறு.) கர்ப்பத்தைக் காரணமாக வைத்து ஒருவரை நீக்குவதோ ஓரங்கட்டுவதோ 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி சட்டவிரோதம்.

ஆனால் கேட்பதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். கர்ப்பிணி என்பதால் தானாகவே கிடைக்க வேண்டியவை ஒரு பக்கம். விண்ணப்பித்துக் கேட்க வேண்டியது இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டுக் குழப்பினால், கிடைக்க வேண்டியதையும் சலுகைபோல் கொடுப்பார்கள்.

மிட்வைஃபை (பேறுகாலச் செவிலியரை) பார்க்கப் போவதும் ஸ்கேனுக்குப் போவதும் முதல் பக்கத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்குச் சம்பளத்துடன் நேரம் தர வேண்டும், போய்வரும் நேரமும் அதில் சேரும். முதல் தடவைக்குப் பிறகு அப்பாயின்ட்மென்ட் அட்டையைக் காட்டச் சொல்லலாம், அவ்வளவுதான். "உங்கள் விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று சிரித்தபடி கேட்கும் மேலாளர்கள் உண்டு. நீங்களும் சிரித்தபடியே முடியாது என்று சொல்லலாம்.

முதியோர் இல்லத்திலோ கிடங்கிலோ வேலை செய்கிறீர்களா? கர்ப்பத்தை எழுத்தில் தெரிவித்ததும் உங்களுக்கென்று தனியாக ரிஸ்க் அசெஸ்மென்ட் (வேலையில் என்ன ஆபத்து என்ற மதிப்பீடு) செய்ய வேண்டியது நிறுவனத்தின் கடமை. ஆளைத் தூக்கிப் படுக்கவைப்பது, மணிக்கணக்கில் நிற்பது எல்லாம் அதில் வர வேண்டும். ஆபத்து இருந்தால் வேலை முறையையோ நேரத்தையோ மாற்ற வேண்டும். முடியாவிட்டால் பொருத்தமான வேறு வேலை. அதுவும் இல்லையென்றால் முழுச் சம்பளத்துடன் வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டும். இரவு ஷிஃப்ட் கூடாது என்று மருத்துவரோ மிட்வைஃபோ சான்று எழுதிக் கொடுத்தாலும் இதே வழிதான். மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது என்று ஊரில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். உறவினர்களிடம் அப்படியே இருங்கள். பளு தூக்கும் வேலையில் இருப்பவர் மேலாளரிடம் முன்னதாகவே சொல்லிவிடுவது நல்லது. சொன்ன பிறகுதான் இந்தப் பாதுகாப்பு தொடங்குகிறது.

இனி விண்ணப்பித்துக் கேட்பது. நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். களைப்பாக இருக்கிறது, வாரத்துக்கு மூன்று நாள் போதும் என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் (நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் வேலை விசா) இருப்பவர் அப்படி எழுதும் முன் சம்பளக் கணக்கைப் பார்க்க வேண்டும். வேலை நேரம் குறைந்தால் சம்பளமும் குறையும். ஆனால் விசாவுக்கான பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் அதற்கேற்பக் குறையாது. 2025 ஜூலையிலிருந்து புதிதாக விண்ணப்பிக்கும் பலருக்கு அது 41,700 பவுண்டு; பழைய விசாக்காரர்களுக்கும் மருத்துவத் துறையினருக்கும் வேறு அளவுகள். 43,000 வாங்குகிறவர் ஒரு நாளைக் குறைத்தாலே அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடுவார். மகப்பேறு விடுப்பில் சம்பளம் குறைவதற்கு விதிவிலக்கு உண்டு, அதைப் பற்றிப் பயம் வேண்டாம். வீட்டிலிருந்து வேலை செய்வதாக இருந்தால், அதை உள்துறை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா என்று நிறுவனத்தில் விசா ஸ்பான்சர் வேலையைக் கவனிக்கும் பிரிவைப் பார்க்கச் சொல்லுங்கள். கணவரின் விசாவில் சார்ந்திருப்பவராக வந்தவர்களுக்கு இந்தச் சம்பளக் கோடே கிடையாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நிறுவனம் தரும் மகப்பேறு ஊதியத்தில் முதல் ஆறு வாரம் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம். அந்தச் சராசரியை ஏறத்தாழ கர்ப்பத்தின் 17-ஆம் வாரத்திலிருந்து 25-ஆம் வாரம் வரை வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் எடுக்கிறார்கள். சரியாக அந்தச் சமயத்தில் நேரத்தைக் குறைத்தால் பின்னால் வரும் தொகையும் குறையும்.

ஆகவே என் யோசனை: மணிக்கணக்கைக் குறைக்காதீர்கள், நகர்த்துங்கள். லண்டனில் காலை 9.30-க்கு மேல் ரயில் ஏறுகிறமாதிரி தொடக்க நேரத்தைத் தள்ளிவைத்தால் நெரிசலும் குறையும், கட்டணமும் குறையும். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, மசக்கை படுத்தும் காலையில் தாமதத் தொடக்கம் என்று கேட்டால் சம்பளத்தில் கை வைக்காமலே உடம்புக்கு ஓய்வு கிடைக்கும். போகவர உட்கார இடம் வேண்டுமென்றால் லண்டன் போக்குவரத்துக் கழகம் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகத் தரும் 'பேபி ஆன் போர்ட்' பேட்ஜைக் குத்திக்கொள்ளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

கடிதத்தில் வளவள என்று எழுத வேண்டாம். தேதி, சட்டப்படியான ஃப்ளெக்சிபிள் வொர்க்கிங் (வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக் கேட்கும்) விண்ணப்பம் இது என்ற ஒரு வரி, என்ன மாற்றம், எந்தத் தேதியிலிருந்து, இதற்கு முன் விண்ணப்பித்ததுண்டா, எப்போது. நிறுவனத்துக்கு இதனால் என்ன பாதிப்பு என்று விளக்க வேண்டிய கட்டாயம் முன்பு இருந்தது, இப்போது இல்லை. ஆனாலும் "காலைக் கூட்டத்துக்கு வீட்டிலிருந்தே இணைவேன், 10 முதல் 6 வரை அலுவலகத்தில் இருப்பேன்" என்று ஒரு வரி எழுதினால் மேலாளருக்கு மறுக்கும் வேலை கடினமாகும். "தயவுகூர்ந்து பரிசீலிக்குமாறு மிகவும் பணிவுடன்" என்ற நம்மூர் நடையை மட்டும் விட்டுவிடுங்கள். இந்த ஊரில் அதைப் படித்தால் நீங்களே மறுப்பை எதிர்பார்ப்பதாகத் தோன்றும்.

கவனம்: ஒப்புக்கொண்ட மாற்றம் பொதுவாக ஒப்பந்தத்தையே நிரந்தரமாக மாற்றிவிடும். பிரசவம்வரைதான் வேண்டுமென்றால் முடியும் தேதியையும் எழுதுங்கள். 12 மாதத்தில் இரண்டு விண்ணப்பங்களுக்குத்தான் இடம்; விடுப்பு முடிந்து திரும்பும்போது ஒன்று தேவைப்படலாம், முதலாவதை அவசரத்தில் வீணாக்காதீர்கள். மேலாளர் நல்லவர், தலையாட்டிவிட்டார் என்று விட்டுவிடவும் வேண்டாம். அவர் வேறு குழுவுக்குப் போனால் அந்தத் தலையாட்டலும் கூடவே போய்விடும். அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்குங்கள்.

மேல்முறையீடு உட்பட இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். உங்களுடன் கலந்து பேசாமல் மறுக்கக் கூடாது. மறுத்தால் சட்டம் அனுமதிக்கும் எட்டு வணிகக் காரணங்களில் ஒன்றையாவது காட்ட வேண்டும். கூடுதல் செலவு, வேலையை மற்றவர்களுக்குப் பிரித்துத் தர முடியாமை போன்றவை அதில் உண்டு. "மற்றவர்களும் கேட்பார்களே" என்பது இல்லை. முழுதாக மறுத்தால் ஆறு வாரம் சோதனையாகப் பார்ப்போமா என்று கேளுங்கள், பல இடங்களில் இறங்கிவருவார்கள். அதற்கும் மசியவில்லையென்றால் வேலையிடப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்லும் ஏகாஸ் (Acas) அமைப்பின் உதவி எண் 0300 123 1100, இலவச ஆலோசனை.

கணவரிடமும் ஒரு வார்த்தை. இரண்டு பரிசோதனைகளுக்கு உடன் போக அவருக்கும் நேரம் தர வேண்டும், சம்பளம் இல்லாமல், ஒவ்வொன்றுக்கும் ஆறரை மணி நேரம் வரை. நேரத்தை மாற்றிக் கேட்கும் அதே விண்ணப்பத்தை, அதே முதல் நாள் உரிமையோடு, அவரும் தன் அலுவலகத்தில் போடலாம்.