ஸ்காபரோவிலிருந்து வீட்டு டேகேரை எங்கே மாற்றுவது? இடம் மாறியவர்களின் அனுபவங்கள்

மல்வேர்னிலிருந்து, கேள்வி கேட்பவர்:

அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் வணக்கம். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், மல்வேர்ன் என்ற இடத்தில் வாடகை வீடொன்றில், வீட்டு டேகேர்களை மேற்பார்வை செய்ய மாகாண அனுமதி பெற்ற ஏஜென்சி ஒன்றின் கீழ் பதிவுசெய்து டேகேர் நடத்தி வருகிறேன். வீட்டுச் சொந்தக்காரர் வீட்டை விற்கத் தீர்மானித்துவிட்டதால், இந்தக் கோடைக்குள் நாங்கள் வேறிடம் பார்க்க வேண்டியிருக்கிறது. கணவரின் உறவினர்கள் கிழக்கே உள்ள ஏஜாக்ஸ் நகரில் இருக்கிறார்கள். இதே வாடகைக்கு அங்கே வேலியடைத்த பின்வளவும் விசாலமான பேஸ்மென்டும் உள்ள வீடு கிடைக்கும் என்று சொல்கிறார்கள். வடக்கே ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டி மார்க்கம் நகருக்குப் போனால் பிள்ளைகள் குறையவே மாட்டார்கள் என்று தோழி ஒருத்தி சொல்கிறாள். என்னிடம் இப்போது இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரு வயதில் வந்து என் கையில் நடை பழகியவர்கள். அவர்களை விட்டுப் போவதை நினைத்தாலே மனம் கனக்கிறது. இடம் மாறியவர்கள் எதைப் பார்த்து இடத்தைத் தெரிவுசெய்தீர்கள், பழைய குடும்பங்கள் உங்களோடு வந்தனவா என்பதை எழுதினால் பேருதவியாக இருக்கும்.

ஏஜாக்ஸிலிருந்து:

அன்புத் தங்கைக்கு, நானும் ஸ்காபரோவிலிருந்து ஏஜாக்ஸுக்கு வந்தவள் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். வீட்டைப் பார்க்கப் போகும் முன்னர், இப்போது உங்களிடம் பிள்ளை விடும் ஒவ்வொரு பெற்றோரும் காலையில் எந்தத் திசையில் வேலைக்குப் போகிறார் என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். டேகேருக்கு ஏற்ற இடத்தை முதலில் தீர்மானிப்பது அந்தத் தாள்தான். பின்வளவும் பேஸ்மென்டும் அதற்குப் பிறகு வருபவை.

ஸ்காபரோவுக்கும், ஏஜாக்ஸுக்கு முன்னால் வரும் பிக்கரிங்குக்கும் இடையில் ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கு கிடக்கிறது. அதைக் கடக்கும் வீதிகள் சிலவே என்பதால், பெரும்பாலானோர் 401 நெடுஞ்சாலையையோ கிங்ஸ்டன் வீதியையோதான் நம்பியிருக்கிறார்கள். காலையில் கிழக்கே வருவது இலேசு. மேற்கே திரும்புவதுதான் பெரும்பாடு. மல்வேர்னில் வசிக்கும் ஒரு தாய் பிள்ளையை ஏஜாக்ஸில் விட்டுவிட்டு டவுன்டவுனுக்கோ நோர்த் யோர்க்குக்கோ வேலைக்குப் போவதென்றால், அவர் தனக்குத் தேவையில்லாத நெரிசலை நாள்தோறும் விலைக்கு வாங்குகிறார். என்னுடன் வருவதாக உறுதி சொன்ன குடும்பங்கள் உண்மையாகவே என்னை விரும்பியவைதான். ஆயினும் முதலாவது பனிக்காலத்துக்குள் ஒரு குடும்பத்தைத் தவிர மற்றவர்கள் வீட்டுக்கு அருகில் வேறிடம் தேடிக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. தொடர்ந்து வந்த அந்த ஒரு குடும்பத்தின் தந்தைக்கு, ஏஜாக்ஸுக்கும் கிழக்கே உள்ள விற்பியில் வேலை. என் வீடு அவர் போகும் வழியில் இருந்தது.

இரண்டாவது விடயம் வேலை நேரம். இங்குள்ள பெற்றோரில் பலர் ரொறன்ரோவில் வேலை செய்பவர்கள். ஏஜாக்ஸ் நிலையத்தில் கோ ரயில் ஏறுபவர்கள் அல்லது விடியலிலேயே 401இல் இறங்குபவர்கள். ஆகவே ஸ்காபரோவில் ஏழரைக்குத் திறந்த என் கதவு இங்கே ஆறரைக்குத் திறக்கிறது. மாலையில் ரயில் தாமதித்தால் ஆறு மணிக்குப் பின்னரும் பிள்ளை என் மடியில்தான் இருக்கும். அதே வாடகை, அதே எண்ணிக்கைப் பிள்ளைகள், ஆனால் நீண்ட நாள். அதைத் தாங்குவதற்கு உங்கள் உடம்பும் வீட்டாரும் ஆயத்தமா என்று பேசிக்கொண்ட பின்னரே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.

மூன்றாவது விடயம் உங்கள் ஏஜென்சி. ஸ்காபரோ ரொறன்ரோ மாநகர நிர்வாகத்தின் கீழும், ஏஜாக்ஸ் டர்ஹம் பிராந்தியத்தின் கீழும், மார்க்கம் யோர்க் பிராந்தியத்தின் கீழும் இருக்கின்றன. பிள்ளைப் பராமரிப்புக்கான நிதியையும், வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணத்தில் உதவும் சப்சிடியையும், பிள்ளைகளைச் சேர்க்கும் புதிய இடங்களின் ஒதுக்கீட்டையும் கவனிப்பவை இந்த மூன்று நிர்வாகங்களே. நீங்கள் இன்று சேர்ந்திருக்கும் ஏஜென்சி நீங்கள் போகும் பிராந்தியத்தில் இயங்காவிட்டால், அங்கே இயங்கும் வேறொன்றில் புதிதாகச் சேர வேண்டும். புதிய வீட்டை அவர்கள் வந்து பரிசோதித்து ஒப்புதல் தந்த பின்னரே அங்கே அனுமதி பெற்ற பராமரிப்பைத் தொடங்க முடியும். இந்த இடைவெளி சிறியதாகத் தோன்றினாலும் பெற்றோருக்கு அது பெரிய பணம். 2025 ஜனவரி 1 முதல், மத்திய, மாகாண அரசுகளின் கட்டணக் குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த டேகேர்களில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கான கட்டணம் நாளொன்றுக்கு 22 டொலருக்கு மேல் போகக்கூடாது. அனுமதி பெறாமல் தனியாக நடத்துபவரிடம் பிள்ளையை விட்டால் அந்தச் சலுகை கிடையாது. முழுத் தொகையையும் பெற்றோரே கட்ட வேண்டும். சப்சிடி பெறும் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அவர்களுடைய சப்சிடி அவர்கள் வசிக்கும் மாநகரத்தினதோ பிராந்தியத்தினதோ கணக்கிலிருந்து வருவது என்பதால், எல்லையைத் தாண்டி உங்களுடன் வர முடியுமா என்பதை அவர்களுடைய அலுவலரிடம் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள்.

எண்ணிக்கையும் மாறுகிறது. ஏஜென்சியின் கீழ் ஒரே நேரத்தில் 13 வயதுக்குட்பட்ட ஆறு பிள்ளைகள் வரை பார்க்கலாம். தனியாக நடத்தினால் ஐந்து. இரண்டிலும் இரண்டு வயதுக்குட்பட்டவர்கள் மூவருக்கு மேற்படக் கூடாது. உங்கள் சொந்தப் பிள்ளைக்கு நான்கு வயது ஆகவில்லையென்றால் அந்தப் பிள்ளையும் கணக்கில் சேரும். இடையில் சில மாதங்கள் தனியாக நடத்திச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால், ஆறாவது பிள்ளையின் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

மார்க்கத்திலிருந்து:

ஏஜாக்ஸ் அக்கா எழுதியவற்றோடு பாடசாலை பற்றியும் சொல்ல விரும்புகிறேன். ஒன்ராறியோவில் நான்கு வயதாகும் ஆண்டின் செப்டெம்பரிலேயே பிள்ளை ஜே.கே. (ஜூனியர் கிண்டர்கார்டன்) என்ற பாலர் வகுப்புக்குப் போய்விடலாம். 2014 செப்டெம்பரிலிருந்து எல்லாப் பொதுப் பாடசாலைகளிலும் அது முழுநாள் வகுப்பு. தாய்மாருக்கு 12 அல்லது 18 மாத விடுப்பு இருப்பதால் பிள்ளைகள் நம்மிடம் வருவது ஒரு வயதிலோ ஒன்றரை வயதிலோதான். அப்படியென்றால் ஒரு பிள்ளை நம்மிடம் முழுநாளும் இருக்கும் காலம் சுமார் இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள் மட்டுமே. எங்கே போனாலும் குடும்பங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே தங்கை, உங்களிடம் இருப்பவர்களில் யார் யார் இந்தச் செப்டெம்பரில் ஜே.கே. போகிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் எப்படியும் போகிறவர்கள். ஜூலை கடைசியிலோ ஓகஸ்டிலோ வீடு மாறினால் இழப்பு மிகக் குறைவாக இருக்கும் என்பதால்தான் நான் அந்தக் காலத்தில் மாறினேன்.

ஜே.கே. போன பிள்ளையையும் காலையிலும் மாலையிலும் வைத்திருக்கலாம். அதற்கு வீடு பாடசாலைக்கு நடக்கும் தூரத்தில், இடையில் பெரிய வீதியைக் கடக்கத் தேவையில்லாத பக்கத்தில் இருக்க வேண்டும். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். ஒரு பிள்ளையைப் பாடசாலையில் விடப் போகும்போது மற்றப் பிள்ளைகள் அனைவரையும் உடுப்பாட்டி, சப்பாத்துப் போட்டு, ஸ்ட்ரோலரில் ஏற்றி நம்மோடு கொண்டுபோக வேண்டும். பெப்ரவரிக் குளிரில், உறைபனி படிந்த நடைபாதையில், மக்கோவன் போன்ற வீதியின் விளக்கு மாறும்வரை சின்னஞ்சிறுசுகளோடு நிற்பதை ஒருமுறை மனக்கண்ணில் பாருங்கள். நான் வீடு தேடியபோது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பாடசாலை வாசல் வரை வெறும் ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வாடகை குறைந்த நல்ல வீடொன்றை இந்த ஒரே காரணத்துக்காக விட்டேன். பாடசாலைப் பிள்ளைகளும் அவர்கள் நம் வீட்டில் இருக்கும் நேரத்தில் அந்த ஆறுபேர்க் கணக்கில் அடங்குவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

பூங்காவும் அப்படியே. முழுநாளும் இருக்கும் பிள்ளைகளை, காலநிலை இடங்கொடுத்தால், நாளுக்கு இரண்டு மணித்தியாலம் வெளியே விளையாட விட வேண்டும் என்பது விதி. பின்வளவு சிறிதாயிருந்தாலும் நடந்து போகும் தூரத்தில் பூங்கா இருந்தால் போதும். பின்வளவில் நீச்சல் குளம் உள்ள வீட்டை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் தொடவே மாட்டேன்.

மார்க்கத்தில் பிள்ளைகள் குறையவே மாட்டார்கள் என்பது உண்மையல்ல. என் தெருவிலேயே தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் வீடுகள் ஏராளம். ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்தவர்களுக்கு நம் சேவை தேவைப்படுவதில்லை. ஏஜென்சியிடம் அந்த அஞ்சல் குறியீட்டில் எத்தனை பெற்றோர் காத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். தோழிமாரின் சொல்லைவிட அது நம்பகமானது.

ஸ்காபரோவின் மோர்னிங்சைட் பகுதியிலிருந்து:

வாடகை வீடு என்றால் சொந்தக்காரரின் சம்மதத்தை வாய்ச்சொல்லாக அன்றி எழுத்தில் பெறுங்கள். கூட்டுக் குடியிருப்பு டவுன்ஹவுஸ் என்றால் அதன் நிர்வாக விதிகளையும் வாசியுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் குடிபுகுந்த பின்னர்தான் அங்கே வியாபாரத்துக்குத் தடை இருப்பதை அறிந்து, மறுபடியும் பெட்டி கட்ட வேண்டி வந்தது. சாதாரண வீட்டுக் காப்புறுதி டேகேரையும் காக்கும் என்று எண்ண வேண்டாம். முகவரி மாறும்போது அதையும் புதுப்பியுங்கள். வாங்கும் எண்ணம் இருந்தால், ரொறன்ரோவுக்குள் மாகாணத்தின் நில மாற்று வரியோடு மாநகரத்தின் வரியும் சேரும். ஏஜாக்ஸிலும் மார்க்கத்திலும் மாகாண வரி மட்டுமே.

நான் இரண்டு மேஜர் சந்திகளுக்கு அப்பால் மட்டுமே மாறினேன். சென்ரினரி மருத்துவமனையில் காலை வேலைக்குப் போகும் தாதிமார் மூவரின் பிள்ளைகள் என்னிடம் இருந்தார்கள். மூவருமே இன்றும் வருகிறார்கள். அவர்கள் போகும் வழியை விட்டு நான் விலகவில்லை, அவ்வளவுதான்.

மல்வேர்னிலிருந்து, கேள்வி கேட்டவர்:

அக்காமாருக்கு மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி தாளில் எழுதிப் பார்த்தேன். ஆறு பிள்ளைகளில் இருவர் செப்டெம்பரில் ஜே.கே. போகிறார்கள். மிகுதி நான்கு குடும்பங்களில் மூன்று காலையில் தெற்கே, எல்ஸ்மியர் பக்கம் போகின்றன. ஒன்று மேற்கே போகிறது. கிழக்கே போகும் குடும்பம் ஒன்றுகூட இல்லை. இதைக் கணவருக்கும் காட்டினேன். ஏஜாக்ஸ் வீட்டை இப்போதைக்கு விடுவதாக இருவரும் முடிவுசெய்தோம். வீடுகளைப் பார்வையிட வரும் என் ஏஜென்சியின் ஹோம் விசிட்டரிடமும் பேசினேன். ஸ்காபரோவுக்குள் மாறினால் புதிய வீட்டைப் பிள்ளைகள் வரும் முன்னரே பார்த்துத் தருவதாகச் சொன்னார். ஆகவே நீல்சன் வீதிக்கும் மோர்னிங்சைடுக்கும் இடையில், தொடக்கப் பாடசாலைக்கு அருகில், டேகேருக்கு எழுத்தில் சம்மதம் தரக்கூடிய சொந்தக்காரரின் வீடு ஓகஸ்டுக்கு இருப்பதாக யாருக்கேனும் தெரிந்தால் தயவுசெய்து அறியத்தாருங்கள்.