பிலாத்துவின் பேத்தி

குழு: ஆரோக்கிய இல்லம்
சனிக்கிழமை

பெரியப்பா (மாலை 6:12): [பலமுறை பகிரப்பட்டது] நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்த தேசிய கீதமாக யுனெஸ்கோ சற்று முன் அறிவித்தது. இந்தியன் என்றால் பகிரவும்.

அண்ணன் (பெரியப்பா மகன்): அப்பா, இது நான் பத்தாவது படிக்கும்போதே வந்துவிட்டது. அந்த 'சற்று முன்' இன்னும் முடியவில்லையா?

பெரியப்பா: நல்ல செய்திதானே. யாருக்கு என்ன நஷ்டம்?

அம்மா: அத்தான், எல்லாரும் ஆன்லைனில் இருக்கும்போதே ஒன்று கேட்டுவிடுகிறேன். பாப்பாவுக்கு பிளஸ் டூவில் 600க்கு 541. பி.காம். வேண்டாமாம். விஸ்காம் என்கிற விஷுவல் கம்யூனிகேஷன், இல்லாவிட்டால் ஜர்னலிசம்தானாம். இரண்டு நாளாக வீட்டில் இதே பேச்சு.

அப்பா: நான் எதிர்க்கவில்லை. ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான்.

அம்மா: அந்த ஒரு கேள்விக்குத்தான் அவள் ராத்திரி சாப்பிடாமல் படுத்தாள்.

பெரியப்பா: விஸ்காம் என்றால் சினிமாதானே? லயோலாவில் விஜய் அதைத்தானே படித்தார்?

அண்ணன்: பாதியில் விட்டுவிட்டார் அப்பா.

பெரியப்பா: அப்படியா? அப்போது பாதியில் விடுவதற்கும் அங்கே சீட் கிடைக்குமா என்று கேள்.

நான்: பெரியப்பா, எனக்கு நடிக்க ஆசை இல்லை. செய்தி எழுத வேண்டும்.

அத்தை (6:31): ஷிஃப்டில் இருக்கிறேன். எட்டு மணி புல்லட்டின் முடிந்ததும் வருகிறேன். அதுவரை யாரும் முடிவெடுக்காதீர்கள். பாப்பா, நீ சும்மா இருக்காதே. உன் பெரியப்பா அனுப்பிய யுனெஸ்கோ செய்தி உண்மையா என்று பார்த்து எழுது. எங்கே பார்த்தாய் என்பதும் வேண்டும்.

நான் (7:05): பார்த்துவிட்டேன் அத்தை. யுனெஸ்கோ தளத்தில் அப்படி ஓர் அறிவிப்பு இல்லை. தேசிய கீதங்களுக்குப் பட்டம் கொடுக்கும் வழக்கமும் அவர்களுக்கு இல்லை. இந்த வதந்தி வந்தபோது அவர்களே மறுத்திருக்கிறார்கள். தேதி போடாமல் 'சற்று முன்' என்று இருந்ததைப் பார்த்ததும் எனக்கு முதலிலேயே சந்தேகம்.

பெரியப்பா: நான் ஓய்வூதியர் சங்கக் குழுவில் வேறு போட்டுவிட்டேனே!

அத்தை (8:34): வந்துவிட்டேன். அண்ணே, அங்கேயும் 'முன்பு அனுப்பியது தவறு' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். எங்கள் டெஸ்க்கில் அதைச் செய்யாவிட்டால் மறுநாள் வேலை இருக்காது.

பெரியப்பா: இந்த வயதில் எனக்கு ஒரு ஆசிரியர்.

அத்தை: சரி, பாப்பா விஷயம். விஸ்காமும் ஜர்னலிசமும் ஒன்றில்லை. விஸ்காமில் முதல் வருடம் படம் வரைவது, புகைப்படம், வடிவமைப்பு. அப்புறம் விளம்பரம், திரைக்கதை, டிவி நிகழ்ச்சி, கடைசியில் ஒரு குறும்படமோ ஆவணப்படமோ. ஜர்னலிசத்தில் கேமரா குறைவு. செய்தி சேகரிப்பு, எடிட்டிங், ஊடகச் சட்டம், பத்திரிகை வரலாறு. எழுத ஆசை என்றால் அவளுக்கு இரண்டாவதுதான் சரி. ஆனால் எந்தக் கல்லூரியிலும் பாடத்திட்டத்தை மட்டும் பார்த்துச் சேராதீர்கள்.

அண்ணன்: போனிலேயே கேமரா இருக்கிறது, எடிட்டிங் ஆப் இருக்கிறது. இதற்கு மூன்று வருடம் கல்லூரி எதற்கு அத்தை? நிஜமாகவே கேட்கிறேன்.

அத்தை: நியாயமான கேள்வி. கேமராவுக்காக என்றால் வேண்டவே வேண்டாம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அத்தை: தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் ஜர்னலிசம் சேர்ந்த முதல் மாதம். பீச் வரை மின்சார ரயிலில் போய்விட்டு ஒரு மனிதரைப் பற்றி எழுதி வா என்றார்கள். பெட்டியில் ஒரு அம்மா பூ கட்டிக்கொண்டே வந்தார். அவர் விரல், கூடை, ஜன்னல் வெளிச்சம் என்று 800 சொல் எழுதினேன். கவிதை மாதிரி இருக்கும் என்று எனக்கு ஒரே பெருமை.

அத்தை: ஆசிரியர் படித்துவிட்டு, 'இந்த அம்மா பூவை எங்கே வாங்குகிறார்? ஒரு முழம் என்ன விலை? ஒரு நாளைக்கு எவ்வளவு மிஞ்சும்?' என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது. 'அப்படியானால் நீ அவரிடம் பேசவே இல்லை, வேடிக்கை பார்த்திருக்கிறாய்' என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அம்மா: அடப்பாவமே!

அத்தை: மறுநாள் அதே ரயில். அந்த அம்மாவைக் கண்டுபிடித்துக் கேட்டேன். விடியற்காலை கோயம்பேட்டில் சரக்கு எடுக்கிறார் என்றார். அவரோடு ஒரு நாள் மூன்று மணிக்கு எழுந்து போனேன். கடைசியில் அச்சானது 120 சொல்தான், எங்கள் பயிற்சி இதழில். விரல், வெளிச்சம் ஒன்றும் இல்லை, எல்லாம் விலைதான். ஆனால் அதைப் படித்துவிட்டு ஹாஸ்டலில் ஒருத்தி அழுதாள். இதைச் சொல்லித் தர எந்த ஆப் இருக்கிறது?

அண்ணன்: சரி, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பெரியப்பா: ஒன்று மட்டும் புரியவில்லை. சாமியார்களும் கன்னியர்களும் நடத்தும் கல்லூரிகளில் எதற்கு இந்த மீடியா படிப்பு? மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்றால் சரி.

அப்பா: அண்ணே, தமிழ் எழுத்தில் முதன்முதலில் புத்தகம் அச்சடித்ததே அவர்கள்தானே. 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம். அப்புறம் தரங்கம்பாடியில் அச்சகம் வைத்து 1715இல் புதிய ஏற்பாடு. அது புராட்டஸ்டன்ட் பக்கம், லுத்தரன்காரர்கள்.

அத்தை: சின்ன அண்ணன் கூகுள் பார்க்காமல் சொல்கிறார் என்று நம்புகிறேன். கத்தோலிக்கர் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. ரோமில் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சமூகத் தொடர்பு சாதனங்களைப் பற்றி ஓர் ஆணை வெளியிட்டது. பத்திரிகை, சினிமா, வானொலி எல்லாவற்றையும் திருச்சபை கற்றுப் பயன்படுத்த வேண்டும் என்று. 1967இலிருந்து வருடாவருடம் சமூகத் தொடர்பு ஞாயிறு கொண்டாடுகிறோமே, அதுவும் அதிலிருந்து வந்ததுதான். இங்கே திருச்சியில் கத்தோலிக்கக் கலை நிறுவனமான கலைக்காவிரி 1977இல் தொடங்கியதை வேண்டுமானால் அந்தக் காற்றோடு சேர்த்துப் பார்க்கலாம். நான் படித்த கல்லூரி வேறு வழி. 1837இல் ஸ்காட்லாந்து மிஷன் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. 1937இல்தான் தாம்பரத்துக் காட்டுக்குள் போனது.

தாத்தா: வேரித்தாஸ்

அம்மா: மாமா எழுத ஆரம்பித்துவிட்டார். பொறுங்கள்.

தாத்தா: வேரித்தாஸ் கத்தோலிக்க வானொலி. அந்தக் காலத்தில் மணிலாவில் இருந்து தமிழ் வரும். சிற்றலை. உங்கள் பாட்டி முள்ளைத் திருப்பித் திருப்பித் தேடுவாள். நான் கடிதம் போட்டேன். பெயரை வாசித்தார்கள்

பெரியப்பா: ஆமாம்! தெருவே நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டது.

நான்: தாத்தா, இதை ஏன் என்னிடம் சொல்லவே இல்லை?

தாத்தா: நீ கேட்கவில்லை

அத்தை: பாப்பா, பூக்கார அம்மாவை நினைத்துக்கொள்.

அம்மா: அண்ணி ஆசையாகச் சொல்கிறீர்கள், சந்தோஷம். பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. வேலை கிடைக்குமா? பெண் பிள்ளை ராத்திரி ஷிஃப்ட் எல்லாம் எப்படி?

அத்தை: உங்களிடம் பூசி மெழுக மாட்டேன் அண்ணி. என் முதல் சம்பளம் 9,000 ரூபாய். அதில் பாதி அறை வாடகை. என் கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் இன்று ஊடகத்திலேயே இல்லை. சிலர் விளம்பர நிறுவனம், சிலர் தொண்டு நிறுவனம், ஒருத்தி வங்கி. ராத்திரி ஷிஃப்ட் உண்டு. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் லீவு கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அப்புறம், இந்தப் படிப்பு பல கல்லூரிகளில் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கும். பி.காம். ஃபீஸை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

அப்பா: நான் கேட்ட கேள்வியும் இதுதான். என்னைத்தான் வில்லனாக்கினார்கள்.

அம்மா: பங்குச் சாமியாரிடம் ஒரு கடிதம் வாங்கினால் சீட்டுக்கு உதவுமா?

அத்தை: சிறுபான்மைக் கல்லூரி என்பதால் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள், எடுத்து வையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். என் வகுப்பில் பாதிக்கு மேல் மற்ற மதத்துப் பிள்ளைகள். சில இடங்களில் எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. என்ன பேப்பர் படிக்கிறாய் என்று கேட்டால் இவள் முழிக்கக் கூடாது.

நான்: தினமும் இரண்டு படிக்கிறேன் அத்தை. ஒரே செய்தியை இரண்டும் எப்படிப் போடுகின்றன என்று நோட்டில் எழுதி வைக்கிறேன்.

அத்தை: அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போ. மார்க் ஷீட்டைவிட அதைத்தான் புரட்டுவார்கள்.

அண்ணன்: நாடகமும் சொல்லித் தருவார்கள் என்று பாப்பா சொன்னாளே. செய்தி எழுதுகிறவளுக்கு அது எதற்கு?

அத்தை: என்னைக் கேட்டால் முதலில் அதுதான். பிரேசில்காரர் அகஸ்தோ போவால் என்று ஒருவர் ஒரு நாடக முறையைக் கொண்டுவந்தார். நாடகத்தை முதலில் ஒரு தடவை முழுதாக நடித்துவிடுவார்கள். இரண்டாம் தடவை நடிக்கும்போது பார்க்கிறவர் 'நிறுத்து' என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, அடிபடுகிறவர் இடத்தில் தானே நின்று வேறு மாதிரி நடித்துக் காட்டலாம். வரதட்சணை பற்றி ஒரு தெருவில் போட்டோம். ஒரு பாட்டி எழுந்து வந்து, மருமகளாக நடித்த என்னைத் தள்ளிவிட்டு, மாமியாரைக் கேட்டாரே ஒரு கேள்வி! அதை இங்கே எழுத முடியாது.

அப்பா: நம் ஊர்ப் பாஸ்காவில், அதான் இயேசுவின் பாடுகள் நாடகத்தில், யூதாசாக நடித்த மாமாவுக்கு ஒரு வாரம் மளிகைக் கடையில் கடன் தரவில்லை. அதையும் இதில் சேர்த்துக்கொள்ளலாமா?

பெரியப்பா: அதோடு அவர் அந்த வேஷம் கட்டுவதையே விட்டார்!

அத்தை: அப்பா போட்ட பிலாத்து வேஷம்தான் என்னை அங்கே காப்பாற்றியது. தாம்பரத்தில் முதல் நாடகப் பட்டறை. ஒவ்வொருவராக நடுவில் வந்து, கையில் எதுவும் இல்லாமல் ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் வயலின் வாசித்தார்கள், டென்னிஸ் ஆடினார்கள். எனக்கு உடம்பே நடுங்கியது. கை கழுவினேன்.

அம்மா: கையா?

அத்தை: இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பும்போது பிலாத்து கை கழுவுவாரே, அப்பா பாஸ்காவில் அதைச் செய்வது மாதிரியே. முதலில் மோதிரத்தைக் கழற்றி அருகில் நிற்பவனிடம் கொடுப்பது. விரல் இடுக்கு ஒவ்வொன்றாக. கழுவி முடித்த பிறகும் கையைப் பார்த்துக்கொண்டே நிற்பது. முடித்து நிமிர்ந்தால் அறையில் சத்தமே இல்லை. 'இதை எங்கே கற்றாய்?' என்று பட்டறை நடத்தியவர் கேட்டார். என் அப்பா 22 வருடம் பிலாத்து என்றேன். அவருக்குப் பாஸ்கா என்றால் என்னவென்று தெரியவில்லை. அன்று அரை மணி நேரம் நான்தான் வகுப்பு எடுத்தேன்.

பெரியப்பா: இதை நீ எங்களிடமே சொன்னதில்லை.

அத்தை: நீங்களும் கேட்கவில்லை.

தாத்தா: [குரல் செய்தி, 1:48]

அம்மா: மாமா பேசியதை எழுதிவிடுகிறேன், அத்தான் போனில் சரியாகக் கேட்காது என்பார். "ஒரு வருடம் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டார்கள். மேடை ஏறின பிறகுதான் பார்க்கிறேன், காய்ந்து கிடக்கிறது. திரும்பிப் போக முடியாது. சும்மா கழுவினேன். கீழே ஒருத்தருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலையில் கோயில் பிள்ளை வந்து, நேற்று தண்ணீர் ரொம்பச் சில்லென்று இருந்ததோ, விரலை அப்படி மடக்கினீர்களே என்று கேட்டார்."

அண்ணன்: தாத்தா!!

பெரியப்பா: சரி, நான் வாயை மூடிக்கொள்கிறேன். முதல் செமஸ்டர் ஃபீஸ் என் பங்கு. சங்கக் குழுவில் திருத்தமும் போட்டாயிற்று. இரண்டு பேர் நன்றி சொன்னார்கள், ஒருவர் வெளியேறிவிட்டார்.

அப்பா: விண்ணப்பத்தை நாளைக்கே போடலாம். ஜர்னலிசம் முதலில், விஸ்காம் இரண்டாவது. சரியா பாப்பா?

நான்: சரிப்பா. அத்தை, நேர்காணலுக்கு நோட்டோடு ஒரு சின்ன வீடியோவும் கொண்டு போகட்டுமா? தாத்தா கை கழுவுவதை எடுக்கிறேன். இந்த முறை எல்லாம் கேட்டுவிடுகிறேன். எந்த வருடம், மேடை எங்கே போட்டார்கள், மோதிரம் யாருடையது.

தாத்தா: மோதிரம் உன் பாட்டியுடையது

தாத்தா: ஞாயிறு பூசை முடிந்து வா. வெளிச்சம் திண்ணையில் நன்றாக இருக்கும். தண்ணீர் வேண்டாம்