பழைய பைக்கும் பரிசோதனை நாளும்: உங்கள் வண்டி எங்கே மாட்டிக்கொண்டது?

லண்டன், ஹாரோவிலிருந்து

என்னுடையது 1999 மாடல் புல்லட் 500. திருவொற்றியூரில் பிறந்து கப்பலேறி வந்த வண்டி, கியர் வலது காலில். பிரிட்டனில் மூன்று வயது கடந்த பைக்கை ஆண்டுதோறும் எம்ஓடி என்கிற சாலைத் தகுதிப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். 40 வயதாகிவிட்டால், பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு விலக்கு உண்டு. என் புல்லட்டுக்கு அந்த மூப்பு 2039-இல்தான் வரும்.

போன வருடம் இரண்டு வாரம் முன்பே வேலையை ஆரம்பித்தேன். டேப்பெட் சரிசெய்து, பாயிண்ட் இடைவெளி பார்த்து, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஒவ்வொரு துடிப்பையும் எண்ணலாம் என்கிற அளவுக்கு ஐடிலிங்கை இறக்கி வைத்தேன். டேங்கில் முகம் பார்த்து மீசை திருத்தலாம். பரிசோதகர் எஞ்சின் பக்கம் காதைக்கூடத் திருப்பவில்லை. பைக்குக்கு இங்கே புகைச் சோதனையே கிடையாது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முன் பிரேக் லீவரை ஒரு விரலால் அழுத்திவிட்டுப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிரேக் விளக்கு எரியவில்லை. கால் பிரேக்கை மிதித்தால் எரிந்தது. 1986 ஏப்ரலுக்கு முன் ஓடத் தொடங்கிய வண்டியென்றால் இரண்டில் ஒன்றில் எரிந்தாலே போதும். என்னுடையதற்கு இரண்டிலும் எரிய வேண்டும். லீவருக்கு அடியில் இருந்த சுவிட்சுக்குள் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. நான் மெருகேற்றிய இடத்திலிருந்து ஒரு சாண் தூரம்!

அடுத்தது சக்கரங்களின் நேர். புல்லட்டில் செயினை இறுக்கப் பின் ஆக்சிலின் இரு புறமும் நத்தை ஓடு மாதிரி ஒரு தகடு இருக்கும். இரண்டையும் ஒரே பல்லில் நிறுத்த வேண்டும். நான் இடப்பக்கம் ஆறாவதிலும் வலப்பக்கம் ஏழாவதிலும் விட்டிருந்தேன். நீளமான சட்டத்தை டயர்களின் ஓரமாக வைத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை மாதம் அப்படியே ஓட்டினேனோ. பிறகு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஒரு சின்னச் சிக்கல் தட்டியது. கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங், தேய்கிறது என்று அறிவுரையாக மட்டும் எழுதினார்.

நான் பயந்தது பிரேக்கை. டிரம் பிரேக்காயிற்றே. ஒரு பிரேக்கில் 30 சதவீதமாவது, மற்றதில் 25 சதவீதமாவது திறன் காட்ட வேண்டும். அதில் தேறிவிட்டது.

ஒரு நல்ல காரியம் செய்திருந்தேன். சான்றிதழ் முடிய ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக இருக்கும்போது போனால்கூடப் பழைய தேதி அப்படியே தொடரும் என்பதால் முன்கூட்டியே போயிருந்தேன். பழைய சான்றிதழில் 12 நாள் மிச்சம் இருந்தது, குறைகளின் பட்டியலில் ‘ஆபத்து’ என்ற வகையில் எதுவும் இல்லை. அதனால் பரிசோதனையில் தோற்றும் வண்டியைத் தள்ளாமல் ஓட்டிக்கொண்டே வீடு வந்தேன். இந்த முறை கார்புரேட்டரைத் தொடப்போவதில்லை. உங்களுக்கு எங்கே மாட்டியது?

சிங்கப்பூரிலிருந்து

ஹாரோ அண்ணா, எஞ்சினைக் கேட்க மாட்டார்கள் என்பதை நம்பி யாரும் இங்கே வந்துவிடக் கூடாது. இங்கும் மூன்று வயதுக்கு மேல் வருடாவருடம் பரிசோதனை உண்டு, ஆனால் புகைக்குழாயில் கருவியைச் செருகிப் பார்ப்பார்கள். என்னுடையது 2002-இல் பதிவான ஹோண்டா சூப்பர் ஃபோர். நான்கு சிலிண்டர், நான்கு கார்புரேட்டர், நான்கும் ஒரே மனதாக இருக்க வேண்டும். ஒரு முறை வீட்டுக்கு அருகிலேயே மையம் இருக்கிறதே என்று குளிர்ந்த எஞ்சினோடு போய் நின்று தோற்றேன். இப்போது அரை மணி நேரம் விரைவுச் சாலையில் ஓட்டிச் சூடேற்றிவிட்டுத்தான் வரிசையில் நிற்கிறேன். முந்தைய உரிமையாளர் மாட்டியிருந்த அனுமதியில்லாத சைலன்சரைக் கழற்றிப் பழையதைத் தேடிப் பிடிக்க மூன்று மாதம் ஆனது தனிக்கதை.

2003 ஜூலை 1-க்கு முன் பதிவான பைக்குகள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு இங்கே சாலையில் ஓடக் கூடாது. எனக்கு மிச்சம் இருக்கும் பரிசோதனைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இனி புது டயர் வாங்குவதா என்று மனைவி கேட்கிறார். வாங்கிவிட்டேன், அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

சென்னையிலிருந்து

நமக்கு வருடாவருடம் இல்லை. பதினைந்து வருடம் முடிந்ததும் ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டும், அப்புறம் ஐந்து வருடத்துக்குக் கவலை இல்லை. அப்பாவின் 2008 ஸ்பிளெண்டருக்குப் படிவம் 25 நிரப்பி, 1,000 ரூபாய் கட்டி, காப்பீடும் புகைச் சான்றும் எடுத்துக்கொண்டு போனேன். புது பெயின்ட் அடித்து மணமகன் மாதிரி நிறுத்தியிருந்தேன். ஆய்வாளர் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்து வரச் சொன்னார். தேய்க்கிறேன், தேய்க்கிறேன், காகிதத்தில் எதுவும் விழவில்லை. பெயின்ட் கடைக்காரர் பட்டி பூசி எண்ணையே மூடிவிட்டிருந்தார்! வெளியே மரத்தடியில் உட்கார்ந்து தின்னரும் துணியுமாக ஒரு மணி நேரம் சுரண்டினேன். எண் தெரிந்தபோது அந்த இடத்தில் மட்டும் அப்பா வாங்கிய நாளின் கறுப்பு நிறம் இருந்தது. அதை மறுபடி பெயின்ட் அடிக்கவில்லை.

தேதி தாண்டினால் பைக்குக்கு மாதம் 300 ரூபாய் கூடுதல். முடிவதற்கு 60 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம்.

ஹாரோவிலிருந்து மீண்டும்

சிங்கப்பூர் தம்பி, டயர் ரசீதை டூல் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். சென்னை நண்பர் சொன்னதைப் படித்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் என் வண்டியின் எண்ணைப் பார்த்தேன், தெளிவாக இருக்கிறது. புது கோன் செட் போட்டாயிற்று, ஹேண்டில் வெண்ணெய் போலத் திரும்புகிறது. இரண்டு நத்தைகளும் ஏழாவது பல்லில். ஹாரன் அடித்துப் பார்க்கவில்லையே என்று இப்போதுதான் நினைவு வந்தது. இரவு பதினொன்று மணி, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. காலையில் பார்க்கிறேன்.