முன்பதிவு மென்பொருளின் வடிவமைப்பைச் சரிபார்க்க டிஎல்ஏ பிளஸ் தேவையா?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்)

ஏற்காட்டுத் தங்கும் விடுதிகள் சிலவற்றுக்காக முன்பதிவு மென்பொருள் ஒன்றை வடிவமைத்து வருகிறோம். தேர்ந்தெடுத்த அறை ஒருவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி வைக்கப்படும். அதற்குள் பணம் வராவிட்டால் ஒதுக்கீடு நீங்கிவிடும். கோடை விழாவின்போது ஒரே அறைக்குப் பலர் போட்டியிடுவார்கள். ஓர் அறைக்கு ஒரு தேதியில் ஒரே பதிவு என்ற கட்டுப்பாடு தரவுத்தளத்திலேயே இருக்கும்போது, டிஎல்ஏ பிளஸ் (TLA+, மென்பொருளின் வடிவமைப்பைக் கணித முறையில் விவரிக்கும் மொழி) கற்கத்தான் வேண்டுமா?

பதில் 1 (சூரமங்கலம்)

அந்தக் கட்டுப்பாடு ஓர் அறை இருவருக்குப் போவதைத் தடுக்கும். பணம் கட்டியவர் அறையின்றி நிற்பதைத் தடுக்காது. முதலாமவர் ஒன்பதாவது நிமிடத்தில் பணம் செலுத்துகிறார். வங்கியின் உறுதிச் செய்தி பதினோராவது நிமிடத்தில்தான் வந்து சேர்கிறது. இடைப்பட்ட நேரத்தில் ஒதுக்கீடு நீங்கி, இரண்டாமவர் அதே அறையை எடுத்துவிடுகிறார். டிஎல்ஏ பிளஸில் எழுதும் வடிவமைப்பு மாதிரியில் நிமிடக் கணக்கே வேண்டாம். ஒதுக்கீடு எப்போது வேண்டுமானாலும் நீங்கலாம், செய்தி தாமதமாகவோ இருமுறையோ வரலாம் என்று எழுதி, ஓர் அறையும் இரண்டு விருந்தினரும் வைத்தாலே போதும். "பணம் பெறப்பட்ட ஒவ்வொருவருக்கும் அறை உண்டு, இல்லையேல் பணத்தைத் திருப்பும் பணி பதிவாகியுள்ளது" என்பதே எந்த நிலையிலும் மீறப்படக் கூடாத விதி. மாதிரி எட்டக்கூடிய நிலைகள் அனைத்தையும் டிஎல்சி (TLC, டிஎல்ஏ பிளஸ் மாதிரிகளைச் சரிபார்க்கும் கருவி) தேடி, விதி உடையும் இடத்துக்கு இட்டுச் செல்லும் படிகளை வரிசையாகக் காட்டிவிடும்.

பதில் 2 (ஏற்காடு)

மாதிரி சரி என்பதால் நிரலும் சரி என்றாகிவிடாது. சிறு குழுவுக்கு நல்ல சோதனைகளே போதாதா?

பதில் 3 (சூரமங்கலம்)

நிரலைச் சோதிக்கத்தான் வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், நிகழ்வுகள் மாறி மாறிக் குறுக்கிடும் எல்லா வரிசைகளையும் சோதனைகளில் எழுதி முடிக்க இயலாது. அமேசான் வெப் சர்வீசஸ் பொறியாளர்கள் 2015-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, டைனமோடிபி என்ற அவர்களது தரவுத்தளச் சேவையில் டிஎல்ஏ பிளஸ் வெளிக்கொணர்ந்த ஒரு பிழையை அடையும் மிகக் குறுகிய வழியே 35 படிகள் கொண்டது. அதை யார் யோசித்துச் சோதனையாக எழுதியிருப்பார்கள்?

கேட்டவர்

மிக்க நன்றி. விதியில் "பணி பதிவாகியுள்ளது" என்கிறீர்கள். பணம் உண்மையில் திரும்பிச் சேர்வதை எப்படிச் சொல்வது?

பதில் 4 (சூரமங்கலம்)

அது "என்றாவது நடந்தே தீரும்" என்ற வகைப் பண்பு; தனியாக எழுத வேண்டும். திருப்பும் பணிக்கு நியாய நிபந்தனை (செய்ய முடிகிற பணி முடிவின்றித் தள்ளிப்போகாது என்ற உறுதி) சேர்க்காவிட்டால், எதுவுமே செய்யாமல் நின்றுவிடும் ஓட்டத்தையே டிஎல்சி எதிர்ச்சான்றாகக் காட்டும். முதலில் மேற்சொன்ன விதி தேறட்டும். இரண்டாவது அறையை அதன்பின் சேருங்கள், நிலைகளின் எண்ணிக்கை மளமளவென்று ஏறிவிடும்.