நோட்டர் டேம் அணி பற்றி விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம்ம ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) தொடர்ந்து பார்ப்பவர்கள் இங்கே இருந்தால் கொஞ்சம் விளக்குங்கள்.

2025 சீசனில் நோட்டர் டேமுக்கு முதல் இரண்டு ஆட்டமும் போச்சு. மயாமியிடம் 27-24, டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் 41-40. இரண்டும் சேர்த்து வெறும் நான்கு புள்ளி வித்தியாசம்! அப்புறம் வரிசையாக 10 வெற்றி. அப்படியும் சாம்பியனைத் தீர்மானிக்க 12 அணிகள் ஆடும் பிளேஆஃபில் (இறுதிச் சுற்றுகளில்) இடம் தரவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம் அணி ஃபுட்பாலில் எந்த கான்ஃபரன்ஸிலும் (பல கல்லூரி அணிகள் சேர்ந்த லீக்) சேராதது. அதனால் கான்ஃபரன்ஸ் சாம்பியனாகி நேராக உள்ளே போகும் வழியே கிடையாது, தேர்வுக்குழு மனசு வைக்க வேண்டும். அப்படியிருக்க, பலமான அணிகளோடு ஆரம்பத்திலேயே மோதுவது சரியா? ஒன்றிரண்டையாவது நவம்பருக்குத் தள்ளினால் நல்லது என்று எனக்குப் படுகிறது. அட்டவணை போடும் முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எத்தனை வருடம் முன்பே ஆட்டங்களுக்கு ஒப்பந்தம் போடுகிறார்கள்?

அடுத்த கவலை ரன்னிங் பேக், அதாவது பந்தை ஏந்தி ஓடும் ஆட்டக்காரர். ஜெரமையா லவ், ஜடேரியன் பிரைஸ் இருவருமே என்எஃப்எல் டிராஃப்டுக்கு (தொழில்முறை லீக் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) போய்விட்டார்கள். லவ் மாதிரி ஒருவர் சுலபத்தில் அமையமாட்டார். இருக்கும் இளைஞர்களே போதுமா, டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியல்) ஆள் எடுக்க வேண்டுமா? அணிக்கு 105 பேர்தான் என்ற வரம்பு வந்தபின் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

தெரிந்ததை எழுதுங்கள், ஒரு வரியானாலும் போதும்.